அவரை நாற்றின் முதுசமும் தேட்டமும்

மொன்றியலில் பனி கரைந்து மண் வெளித்தெரியும் நாட்களில் நம்மவர் வீட்டு யன்னலோரங்களைக் கவனித்தவர்கள் அறிவார்கள். தயிர்க் கோப்பைகளிலும் ஐஸ்கிறீம் டப்பாக்களிலும் மண் நிரப்பி, பயற்றை, அவரை, வெண்டி, பாகல் என்று ஊர் விதைகளை முளைக்க வைத்திருப்பார்கள். கோட் டே நெய்ஜிலும் பார்க் எக்ஸ்ரென்ஷனிலும் அடுக்குமாடிகளில் வாழ்வோர், மாநகரசபை 1975ஆம் ஆண்டில் ஆரம்பித்த சமூகத் தோட்டத் திட்டத்தில் ஒரு துண்டு நிலத்துக்காக ஆண்டுக் கணக்கில் காத்திருப்பதும் உண்டு. லாவாலிலும் டொலார் டே ஓர்மோவிலும் சொந்த வீடு வாங்கியவர்களுக்குப் பின்வளவு இருக்கின்றது.

இவ்விரு சாராரிடமிருந்தும் ஆண்டுதோறும் நாம் கேட்கும் ஒரு முறைப்பாடு உண்டு. பயற்றை முளைத்து நான்கைந்து இலை விடும்வரை நன்றாகவே நிற்கும். பின்னர் இலை வெளிறி மஞ்சளாகி, கொடி எழும்பாது நின்றுவிடும். கடையில் கிடைக்கும் இரசாயனப் பசளையை அள்ளிப் போட்டால் கொடி கரும்பச்சையாகப் பந்தலை மூடும், ஆனால் காய் பிடிக்காது. ஊரில் பசளையே காட்டாத வேலியோரத்தில் காய்த்துக் கொட்டிய அதே பயற்றை இங்கு ஏன் இப்படிச் செய்கின்றது? இதற்கான விடையின் பெரும்பகுதி மண்ணுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒப்பந்தத்தில் இருக்கின்றது. அந்த ஒப்பந்தத்தைக் குளிர் எவ்வாறு குலைக்கின்றது என்பதைக் கண்டறிந்த ஆராய்ச்சிகளுள் முக்கியமான ஒன்று, இதே மொன்றியல் தீவின் மேற்கு முனையில் நடந்தது.

வித்திலை தந்த முதுசம்

ஒல்லாந்தர் 1707ஆம் ஆண்டில் தொகுத்த தேசவழமைச் சட்டம் சொத்தை முதுசம், சீதனம், தேட்டம் என மூன்றாகப் பிரித்தது. பெற்றோர் வழி வந்தது முதுசம்; தானே உழைத்துச் சேர்த்தது தேட்டம். அவரை இனத்து நாற்று ஒன்றின் நைதரசனை விளக்குவதற்கு இதைவிடப் பொருத்தமான சொற்கள் நமக்குக் கிடைக்கவில்லை.

விதையின் இரு பருப்புகளும், அதாவது வித்திலைகள், தாய்ச்செடி கட்டிக் கொடுத்த முதுசம். சோயா அவரையின் விதையில் நூற்றுக்கு நாற்பது பங்களவு புரதம். பயற்றில் இருபத்துநான்கு பங்களவு. புரதத்தின் நிறையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு நைதரசன். முளைத்து முதல் ஒன்றிரண்டு கிழமைகளுக்கு நாற்று இதையே உடைத்து, கரைத்து, தண்டுக்கும் இலைக்கும் அனுப்புகின்றது. நாம் சமையலறையில் ஈரத்துணியில் கட்டி முளைக்க வைக்கும் பயற்றில் நடப்பதும் இதுவே. முளைப்பயறு காற்றிலிருந்து சத்தை இழுத்துப் புரதத்தைப் பெருக்குகின்றது என்று சிலர் கூறக் கேட்டிருக்கின்றோம், அது சரியன்று. விதையில் இருந்த நைதரசன் உருமாறுகின்றதேயன்றிக் கூடுவதில்லை.

முதுசம் கரைந்த பின்னர்தான் தேட்டத்தின் கதை ஆரம்பமாகின்றது. நாற்றுக்கு இரு வழிகள் உள்ளன. ஒன்று, எல்லாப் பயிர்களையும் போல மண்ணீரில் கரைந்துள்ள நைத்திரேற்றையும் அமோனியத்தையும் வேரால் உறிஞ்சுவது. மற்றையது, அவரைக் குடும்பத்துக்கே பெரிதும் உரித்தான வழி: வேரில் பற்றீரியாவுக்கு வீடு கட்டிக் கொடுத்து, காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துத் தரச் செய்வது.

காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைதரசன். ஆயினும் அதன் அணுக்கள் இரண்டிரண்டாக மும்மைப் பிணைப்பால் இறுகிக் கிடப்பதால் எந்தப் பயிரும் அதை நேரே பயன்படுத்த முடியாது. கடல் நடுவே நின்று தாகத்தால் தவிப்பவன் நிலைதான். யூரியாத் தொழிற்சாலைகள் இந்தப் பிணைப்பை உடைப்பதற்கு 400 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தையும் வளிமண்டலத்தைப்போல நூற்றுக்கும் அதிகமான மடங்கு அமுக்கத்தையும் பிரயோகிக்கின்றன. ஜேர்மனியில் 1913ஆம் ஆண்டில் உற்பத்திக்கு வந்த ஹேபர்-பொஷ் முறை இது. வேரிலுள்ள பற்றீரியா இதே வேலையைச் சாதாரண மண்ணின் வெப்பநிலையில், நைதரசனேசு என்னும் நொதியத்தைக் கொண்டு செய்து முடிக்கின்றது.

இலவசமாக அன்று. ஒரு நைதரசன் மூலக்கூறைப் பிரிப்பதற்குக் குறைந்தது 16 ஏ.ரி.பி. மூலக்கூறுகளின் சக்தி செலவாகின்றது. அந்தச் செலவை இலைகள் ஆக்கிய சீனிச்சத்திலிருந்து செடியே கொடுக்கின்றது. எனவேதான் மண்ணில் நைத்திரேற்று தாராளமாக இருக்கும்போது செடி இந்த ஒப்பந்தத்தில் நாட்டம் கொள்வதில்லை. கணுக்கள் உருவாவதை அது அடக்கிவிடுகின்றது. பசளை அள்ளிப்போட்ட பயற்றை பந்தலை மூடியும் காய்க்காமல் நிற்பதன் இரகசியம் இங்கேதான் உள்ளது. நைதரசன் மிதமிஞ்சிக் கிடைத்த கொடி இலையையே பெருக்கும்; வேரைப் பிடுங்கிப் பார்த்தால் மொட்டையாக இருக்கும்.

வேரும் பற்றீரியாவும் பேசிக்கொள்ளும் மொழி

இந்தக் கூட்டு வாழ்வை விஞ்ஞானம் ஒப்புக்கொள்ள நெடுங்காலம் பிடித்தது. பிரெஞ்சு விஞ்ஞானி பூசங்கோ 1838ஆம் ஆண்டளவிலேயே, குளோவர் போன்ற பயிர்களில் சேரும் நைதரசனுக்கு மண் மட்டும் கணக்குக் காட்டவில்லை என்று கண்டிருந்தார். 1886இல் ஜேர்மனியரான ஹெல்றீகல், மணலில் வளர்த்த பட்டாணிச் செடிகளைக் கொண்டு, வேர்ச் சிறுகணுக்களும் அவற்றில் வாழும் நுண்ணுயிர்களுமே காரணம் என்று பேர்லினில் கூடிய விஞ்ஞானிகள் முன்னிலையில் அறிவித்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து ஒல்லாந்தரான பெய்ஜெரிங்க் அந்தப் பற்றீரியாவைத் தனியே பிரித்தெடுத்தார். தஞ்சைக் கழனிகளில் நெல் அறுவடைக்குச் சில நாட்கள் முன்னரே ஈரமண்ணில் உழுந்தும் பயறும் வீசி விதைக்கும் உழவர் இந்த அறிவிப்புகளுக்காகக் காத்திருக்கவில்லை என்பதை இடையே குறிப்பிட்டுக்கொள்கின்றோம்.

விதைக்குள் இந்தப் பற்றீரியா இருப்பதில்லை. ஒவ்வொரு நாற்றும் தன் வேரைச் சூழ்ந்த மண்ணிலேயே தனக்குரிய கூட்டாளியைத் தேடிக்கொள்ள வேண்டும். ஒரு பிடி மண்ணில் கோடிக்கணக்கான பற்றீரியாக்கள் இருக்கையில் தனக்குரியதை அழைப்பது எப்படி? வேர் சில இரசாயனங்களைக் கசியவிடுகின்றது. சோயா அவரையைப் பொறுத்தவரையில் ஜெனிஸ்ரீன், டைட்சீன் என்பவை முக்கியமானவை. அவற்றை உணரும் பற்றீரியா, பதிலாக இன்னோர் இரசாயனத்தை வெளிவிடுகின்றது. இந்தப் பதில் சமிக்ஞையின் கட்டமைப்பைப் பிரான்சின் துலூஸ் நகர ஆய்வாளர்கள் 1990இல் வெளிப்படுத்தினர். பதில் கிடைத்ததும் வேர்மயிரின் நுனி கைத்தடியின் பிடிபோல வளைந்து பற்றீரியாவைச் சுருட்டிப் பிடிக்கின்றது. உள்ளே ஒரு நூலிழை போன்ற பாதை உருவாகின்றது. வேரின் உட்கலங்கள் பிரிந்து பெருகிக் கணுவாகத் திரள்கின்றன. வெதுவெதுப்பான மண்ணில், முளைத்த இரண்டு மூன்று கிழமைகளில் கணுக்கள் வேலையைத் தொடங்கிவிடும்.

வேலை செய்யும் கணுவை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நமது இரத்தத்துச் செங்கலங்களில் உள்ள ஹீமோகுளோபினின் உறவுமுறைப் பொருள் அது. ஒட்சிசன் பட்டால் நைதரசனேசு பழுதாகிவிடும். ஒட்சிசனே இல்லாவிடில் பற்றீரியா மூச்சுவிட முடியாது. இரண்டுக்கும் நடுவே அளந்து கொடுப்பதே அச்சிவப்புப் பொருளின் கடமை. சோயா வேரில் உள்ள இதே பொருளை மதுவத்தில் உற்பத்தி செய்து, மரக்கறி இறைச்சிக்கு இரத்தச் சுவை ஊட்டும் அமெரிக்க நிறுவனமொன்றின் பண்டம் 2020இலிருந்து கனடாவிலும் விற்பனையாகின்றது. வெள்ளிக்கிழமை விரதகாரர் அதை உண்ணலாமா என்ற விவாதத்துக்குள் நாம் இறங்கப் போவதில்லை.

சென்ற் ஆன் டி பெல்வியூவில் கண்டது

மொன்றியல் தீவின் மேற்குக் கோடியில் மக்கில் பல்கலைக்கழகத்தின் மக்டொனால்ட் வளாகம் இருக்கின்றது. புகையிலை வியாபாரத்தில் பெருஞ்செல்வம் ஈட்டிய வில்லியம் மக்டொனால்ட் அமைத்து 1907இல் திறக்கப்பட்ட விவசாயக் கல்லூரி அது. புகையிலைக் காசில் பிள்ளைகளைப் படிப்பித்த யாழ்ப்பாணத்தவர்களுக்கு இச்செய்தி புதுமையாகத் தோன்றாது.

இவ்வளாகத்தில் பேராசிரியர் டொனால்ட் ஸ்மித்தின் ஆய்வுக்குழு எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்: வெப்பப் பிரதேசத்து இயல்புள்ள சோயா அவரை, கியூபெக்கின் குளிர்ந்த இளவேனில் மண்ணில் ஏன் தாமதமாகக் கணு கட்டுகின்றது? வேர்ப்பகுதியின் வெப்பநிலையை மட்டும் கட்டுப்படுத்திச் செய்த பரிசோதனைகளில் கிடைத்த கணக்குத் தெளிவானது. சோயாவின் கணுக்களுக்கு உகந்தது 25 முதல் 30 பாகை செல்சியஸ். 25இலிருந்து 17 வரை மண் குளிரும்போது, குறையும் ஒவ்வொரு பாகைக்கும் நைதரசன் பதித்தல் ஏறத்தாழ இரண்டரை நாட்கள் பின்தள்ளப்படுகின்றது. 17க்குக் கீழே ஒவ்வொரு பாகைக்கும் ஏழரை நாட்கள். வாசகர்களே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்: 17 பாகை மண்ணில் மூன்று கிழமைத் தாமதம், 15 பாகையில் ஐந்து கிழமை. மே மாதத்தில் விதைத்து ஒக்ரோபர் உறைபனிக்கு முன் அறுக்க வேண்டிய நாட்டில் ஐந்து கிழமை என்பது பருவத்தின் பெரும்பங்கு.

இத்தாமதம் எங்கே நேர்கின்றது என்று துருவியபோது, பழுது கணுவில் அன்று, அதற்கும் முந்திய அழைப்பிலும் தொற்றலிலுமே என்று தெரியவந்தது. குளிர் மண்ணில் வேரும் பற்றீரியாவும் சமிக்ஞை பரிமாறிக்கொள்வது தடைப்படுகின்றது. அப்படியாயின் பற்றீரியாவுக்கு அந்த அழைப்பை நாமே முன்கூட்டிக் கொடுத்துவிட்டால் என்ன? பெங் சாங், ஸ்மித் ஆகிய இருவரும் 1995இல் வெளியிட்ட ஆய்வில் செய்தது அதுவே. விதையோடு சேர்க்கும் முன்னர் பற்றீரியாவை ஜெனிஸ்ரீன் கரைசலில் ஊறவைத்தனர். குளிர் மண்ணிலும் கணுக்கள் முந்திக் கட்டின. மண் எவ்வளவு குளிரோ அவ்வளவுக்குக் கூடிய செறிவில் ஜெனிஸ்ரீன் தேவைப்பட்டது. வளாகத்து வயல்களில் நடந்த பரிசோதனைகளிலும் பயன் தெரிந்தது. பின்னர் விவசாயிகளுக்கான பண்டமாகவும் அது சந்தைக்கு வந்தது. பற்றீரியா அனுப்பும் பதில் சமிக்ஞையையே தனியாக எடுத்து விதைகளில் பூசினால் அவரைக் குடும்பத்தைச் சாராத பயிர்களின் முளைத்தலும் விரைவுபடுகின்றது என்று இதே வளாகத்தவர்கள் 2003இல் அறிக்கையிட்டனர்.

கியூபெக் நகரை அண்டிய அரசாங்க ஆராய்ச்சி நிலையத்தினர் வேறொரு வழியில் சென்றனர். கனடாவின் ஆர்க்டிக் பனிவெளியில் வளரும் காட்டு அவரையினங்களின் வேர்களிலிருந்து, குளிருக்குப் பழகிய பற்றீரியாக்களைப் பிரித்தெடுத்து 1987இல் வெளிப்படுத்தினார்கள். ஓர் அணியினர் கூட்டாளியைத் தட்டி எழுப்பினர். மற்ற அணியினர் தூங்காத கூட்டாளியைத் தேடினர்.

இந்த மண்ணில் அவரை புதிய பயிரன்று. 1535இல் ஜாக் கார்த்தியே இத்தீவுக்கு வந்து ஒஷெலாகா கிராமத்தை அடைந்தபோது, அதனைச் சூழச் சோள வயல்களைக் கண்டான். சோளம், அவரை, பூசணி மூன்றையும் ஒரே மேட்டில் வளர்ப்பது இம்மண்ணின் ஆதிக்குடியினரது முறை. சோளத் தண்டில் அவரை படர, பூசணி இலை நிலத்தை மூடி ஈரத்தைக் காக்கும்.

நாற்றைப் புலம்பெயர்ந்தோருக்கு உவமையாக்கி இவ்விடத்தில் ஒரு பந்தி எழுதும்படி பேனா தூண்டுகின்றது. அதனை நண்பர்களாகிய கவிஞர்களிடம் விட்டுவிட்டு, உவமையைவிட அவசரமான விடயத்துக்கு வருவோம்.

நம் கிணறுகளின் கதை

நைதரசன் பற்றிய இந்த அறிவு, வலிகாமத்தின் செம்பாட்டு மண்ணோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. அந்தச் செம்மண் ஆழமற்றது. அதன் கீழே வெடிப்பும் துவாரமும் நிறைந்த சுண்ணாம்புக்கல். நம் முன்னோர் அந்த மண்ணை மாட்டெருவாலும் குழையாலும் காத்தார்கள். வண்டில் வண்டிலாகக் குழை கொணர்ந்து தோட்டத்தில் தாழ்த்தினார்கள். அதில் பூவரசு உண்டு. அவரைக் குடும்பத்துக் காவிளாயும் கிளிசரியாவும் உண்டு. நெல் அறுத்த வயலில் எஞ்சிய ஈரத்தை நம்பிச் சணல் விதைத்தார்கள். மாசி பங்குனியில் தென்மராட்சி வயல்கள் மஞ்சள் போர்த்துக் கிடந்ததை நாற்பதைக் கடந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். சணலும் அவரைக் குடும்பமே. மாட்டுக்குத் தீனியாகவும் மண்ணுக்குப் பசளையாகவும் அது பயன்பட்டது.

பின்னர் நீரிறைக்கும் இயந்திரமும் யூரியாவும் வந்தன. வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு என்று காசுப் பயிர்கள் பெருகின. பயிர் உறிஞ்சாது விட்ட நைத்திரேற்று, மழையோடும் இறைத்த நீரோடும் சுண்ணாம்புக்கல்லினூடாக இறங்கி, நாம் குடிக்கும் அதே நீரைச் சேர்ந்தது. மலசலகூடக் குழிகளின் கசிவும் அதனோடு கூடிக்கொண்டது. ஒரு லீற்றரில் 50 மில்லிகிராம் என உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையை யாழ். குடாநாட்டின் பல கிணறுகள் தாண்டியிருப்பதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. அந்த எல்லை வகுக்கப்பட்டதே பால் கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தைகளை மனதிற்கொண்டுதான். நைத்திரேற்று மிகுந்தால் குழந்தையின் இரத்தம் ஒட்சிசன் சுமக்கும் வலுவை இழக்கின்றது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் 2014, 2015ஆம் ஆண்டுகளில் பெரிதாகப் பேசப்பட்டது, பேசப்பட வேண்டியதே. எண்ணெய் மணக்கும், மிதக்கும். நைத்திரேற்றுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. கொதிக்க வைத்தாலும் அது போகாது. நீர் வற்றுவதால் செறிவு கூடவே செய்யும்.

நைதரசன் நம் மக்களுக்கு எதிராக ஆயுதமாகவும் பயன்பட்டது. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் வடக்குக்கு விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் யூரியாவும் அடங்கியது. வெடிமருந்து செய்யலாம் என்பது சொல்லப்பட்ட காரணம். அந்த ஆண்டுகளில் தோட்டக்காரர் குழைக்கும் எருவுக்கும் திரும்பியது கொள்கைப் பிடிப்பினால் அன்று; வேறு வழியின்மையால்.

மறுபடியும் 2021இல், இம்முறை முழு நாட்டுக்குமே, இரசாயனப் பசளை இறக்குமதியை அன்றைய ஜனாதிபதி கோத்தாபய ராஜபக்ச ஒரே நாளில் நிறுத்தினார். வைகாசியில் வந்த தடை கார்த்திகையில் விலக்கப்பட்டது. அதற்குள் பெரும்போகம் பாழாகிவிட்டது. இயற்கைப் பசளையை விரும்புவோர் சிலர் அதனை ஆதரித்தும் எழுதினர். நாம் அதனுடன் உடன்படவில்லை. அவரையினத்தின் நைதரசன் ஒரு கட்டளையில் ஓடிவருவதன்று. சணல் விதைத்து, வளர்த்து, பூக்கும் பருவத்தில் உழுது மடித்து, அது மக்கி அடுத்த பயிருக்குச் சேரவேண்டும். கூட்டாளிப் பற்றீரியா மண்ணில் இருக்கவேண்டும். விதை கையிருப்பில் இருக்கவேண்டும். பல ஆண்டுகளில் படிப்படியாக யூரியாவைக் குறைத்திருப்பின் கிணறும் தப்பியிருக்கும், நெல்லும் தப்பியிருக்கும். வர்த்தமானி அறிவித்தலை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் வாசிப்பதில்லை.

ஊருக்குக் காசு அனுப்பும் நம்மவர்கள் குழாய்க்கிணறு, மோட்டார், பசளை மூடை என்று கேட்டதையெல்லாம் அனுப்புகின்றார்கள். கிணற்று நீரைப் பரிசோதிக்கும் செலவையும் ஒரு மூட்டை சணல் விதையின் விலையையும் அதனோடு சேர்த்து அனுப்பலாம் என்பது எமது தாழ்மையான அபிப்பிராயம். முக்கியமாக வீட்டில் கைக்குழந்தை இருந்தால் முதலாவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

மொன்றியல் தோட்டக்காரருக்கு

இனி, நம் பயற்றைக்கு வருவோம். பயற்றை, பயறு, உழுந்து, கௌபி ஆகியவை மெதுவாக வளரும் ஒருவகைப் பற்றீரியாக் கூட்டத்தோடு சேர்பவை. ஊர் மண்ணில் அவை தாராளம்; ஆகவேதான் வேலியோரத்துப் பயற்றைக்கு எவரும் எதுவும் செய்யவேண்டியிருக்கவில்லை. மொன்றியல் நகரத் தோட்டங்களில் அவற்றை அப்படி எதிர்பார்ப்பதற்கில்லை. சோயாவின் கூட்டாளியும் கனடிய மண்ணுக்கு இயல்பானதன்று. விவசாயிகள் விதையோடு கலந்தே விதைக்கின்றனர். விதைக்கடைகளில் கரும்பொடியாகச் சிறு பொதிகளில் இப்பற்றீரியா கிடைக்கின்றது. வாங்கும்போது கௌபிக்கு உரியதா என்று பார்த்து வாங்கவேண்டும். பட்டாணிக்கான பொதி பயற்றைக்கு உதவாது. திகதி கடந்ததையும் வெயிலில் கிடந்ததையும் தவிர்க்கவும். உயிருள்ள பொருள் அது.

வைகாசி முதல் வாரத்து வெயிலைக் கண்டு பயற்றை விதைப்போர் பொறுத்திருப்பது நல்லது. மேலே கூறிய கணக்கு சோயாவுக்கு உரியதாயினும், பயற்றை அதைவிடச் சூட்டை விரும்பும் செடி. ஆனி பிறந்து, மண்ணுக்குள் விரலை விட்டால் குளிராத நிலை வந்தபின் விதைத்தால் பிந்திய விதைப்பே முந்திக் காய்க்கும். அவசரக்காரருக்குப் பட்டாணி இருக்கின்றது. சித்திரைக் குளிரிலேயே விதைக்கலாம், அதன் கூட்டாளி இந்நாட்டு மண்ணில் பரவலாக உள்ளது. வெந்தயமும் நன்றாக வரும். இங்கு மாட்டுத்தீனியாகப் பயிரிடப்படும் அல்பால்பாவின் பற்றீரியாவே வெந்தயத்துக்கும் உரியது.

முதல் இலைகள் வெளிறும்போது பயப்பட வேண்டியதில்லை. முதுசம் தீர்ந்து தேட்டம் தொடங்காத இடைவெளி அது. மக்கிய எரு சிறிதளவு அக்காலத்துக்குப் போதும். பூக்கத் தொடங்கும்போது ஓரத்துச் செடி ஒன்றைக் கிண்டி எடுத்து, வேரைத் தண்ணீரில் மெதுவாக அலசிப் பாருங்கள். கணுவைக் கீறி உள்ளே சிவப்பாயின் வேலை நடக்கின்றது. வெள்ளையோ பச்சையோ ஆயின் நடக்கவில்லை. வேரில் புடைப்பைக் கண்டதும் நோயென்று எண்ணிச் செடியைப் பிடுங்கி எறிந்தவர்களும் நம்மிடையே உண்டு. புழுவால் வரும் வீக்கம் வேரோடு ஒன்றியிருக்கும். பற்றீரியாவின் கணு விரலால் உருட்டினால் கழன்று வரும்.

புரட்டாதிக் கடைசியில் கொடியை அகற்றும்போது வேரோடு பிடுங்காமல் நிலமட்டத்தில் வெட்டி, வேரை மண்ணிலேயே விட்டுவிடலாம். அடுத்த ஆண்டு அவ்விடத்தில் கீரையோ தக்காளியோ வைக்கலாம். பயற்றையை மறுபடி நடுவோர், முதலாண்டுப் பந்தலின் அடிமண் இரண்டு கைபிடி எடுத்துப் புதிய பாத்தியில் கலந்துவிட்டால் பொதிக்கான காசு மிச்சமாகக்கூடும்.